திருவல்லிக்கேணி வீடும் தங்கை சொன்ன லேண்ட்மார்க் சட்டமும்

கேள்வி: வணக்கம் சார். திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. திண்ணை, ரேழி, முற்றம், மாடியில் ஒரு அறை. முகப்பில் சுதையில் 1926 என்று இருக்கிறது. மனை 30 அடி அகலம், 120 அடி நீளம். பின்னால் கிணறும் பழைய மாட்டுக் கொட்டகையும் உண்டு. கொட்டகைக் கதவு பின்சந்தில் திறக்கும். அப்பா இருக்கும்போதே எங்கள் மூன்று பேருக்கும் சம பாகமாக செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். "இதை ஒருபோதும் விற்கக் கூடாது" என்று அதில் ஒரு வரியும் உண்டு. போரூரில் இருக்கும் தம்பி, பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான். நியூஜெர்சியில் இருக்கும் தங்கை, "இங்கே லேண்ட்மார்க் ஸோனிங் என்று போட்டுவிட்டால் யாரும் தொட முடியாது, நம் ஊரிலும் இருக்கும், விசாரி" என்கிறாள். பாரதியார் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தாத்தா சொல்வாராம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, இந்த வீட்டில்தான் இருக்கிறேன். மழைக்காலத்தில் ரேழியில் ஒழுகுகிறது. வீட்டைக் காப்பாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறதா? பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ரேழி ஒழுகுகிறது என்ற வரிதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு நான் கடைசியில் வருகிறேன். முதலில் தங்கை சொன்னதைப் பார்ப்போம்.

அவர் சொல்வது பொய்யில்லை. நியூயார்க்கில் 1963ல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் 1965ல் அங்கே வந்த அடையாளக் கட்டடச் சட்டம். ஒரு கட்டடத்தை நகரம் அடையாளக் கட்டடமாக அறிவித்துவிட்டால், உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு இடிக்கவோ முகப்பை மாற்றவோ முடியாது; அதற்கென்று இருக்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் ஓர் உயரக் கட்டடம் கட்டப் பார்த்த ரயில்வே நிறுவனம், "எங்கள் சொத்துரிமை போச்சு" என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1978ல் தோற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கட்ட முடியாமல் போன பரப்பைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள நகரம் வழி வைத்திருந்தது என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதாவது கையைக் கட்டிய நகரம், பையில் கொஞ்சம் போட்டும் கொடுத்தது. உங்கள் தம்பியிடம் பேசும்போது இது உதவும்.

சென்னையில் என்ன இருக்கிறது?

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு இருக்கிறது. அது கோட்டை மாதிரியான நினைவுச் சின்னங்களுக்கு. உங்கள் வீட்டுக்கு வராது, வரவும் வேண்டாம். அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடமே கூடாது, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. உயர் நீதிமன்றப் பக்கம் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், கவர்னர் எலிஹு யேலின் மகனைப் புதைத்த ஒரு சமாதி இருக்கிறது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் சுற்றிலும் எதுவும் கட்ட முடியாமல் போய், சமாதியையே இடம் மாற்றச் சொல்லி 2023ல் ஓர் உத்தரவு வருமளவுக்கு விஷயம் போனது. உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு வந்தால் தெருவே உங்களோடு பேசாது.

மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மரியாதைக்குரியது, ஆராய்ச்சிக்கு உதவும், வழக்குப் போட்டால் ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் அது ஒரு தனியார் அமைப்பின் பட்டியல். அதில் பெயர் இருப்பதால் மட்டும் கடப்பாரை நிற்காது.

சட்டத்தின் வழி என்று நமக்கு இருப்பது, சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் இயங்கும் மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழு. அது வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. சென்னையில் விளம்பரப் பலகைகள் எக்கச்சக்கமாக முளைத்தபோது, எந்தெந்தப் பழைய கட்டடங்களை அவை மறைக்கக் கூடாது என்று பார்க்க நீதிபதி பத்மநாபன் குழு ஒரு பட்டியல் போட்டது. நானூற்றுச் சொச்சம் கட்டடங்கள். பலகைக்காகப் போட்ட பட்டியல்தான் பிறகு கட்டடங்களுக்கே கவசமாயிற்று. அண்ணா சாலையில் 1897ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006ல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் நீதிமன்றம் போனது. 2010ல் உயர் நீதிமன்றம் அதை இடிக்கக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பையொட்டித்தான் இந்தக் குழு அமைந்தது. பட்டியலில் ஏறிய கட்டடத்தில் இடிக்கவோ மாற்றவோ திட்ட அனுமதி கேட்டால் விஷயம் குழுவின் பார்வைக்குப் போகும். இது போக, 2012லேயே சட்டமன்றத்தில் நிறைவேறிய தமிழ்நாடு மரபுக் கட்டட ஆணையச் சட்டம் 12 வருஷம் தூங்கி 2024ல்தான் நடைமுறைக்கு வந்தது. மும்பையில் 1995லிருந்தே மரபுக் கட்டட விதிகள் இருக்கின்றன என்பதை நினைத்தால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆக, நீங்கள் செய்ய முடிவது வீட்டைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுப்பது. கொடுங்கள். ஆனால் அந்த மனுவில் பாரதியாரை எழுதாதீர்கள்.

திருவல்லிக்கேணியில் பழைய திண்ணை உள்ள வீடுகளில் பாதிக்குப் பாரதியார் வந்திருக்கிறார் என்று சொல்கிறார்கள். அவர் அங்கே குடியிருந்தவர், தெருத்தெருவாக நடந்தவர், வந்திருக்கவும் கூடும். ஆனால் அவர் காலமானது 1921 செப்டம்பரில். உங்கள் முகப்பில் இருப்பது 1926. மனுவைப் பார்க்கும் அதிகாரி கழித்தல் கணக்கு தெரிந்தவராகத்தான் இருப்பார். இந்த ஒரு வரியால் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வந்துவிடும். அதே சமயம் தாத்தா சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் வேண்டாம். பழைய வீட்டுக்கு முகப்பை மட்டும் புதிதாகக் கட்டி வருஷம் போடுவது அந்தக் காலத்தில் வழக்கம்தான். மூலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லை எழுதும் இடத்தில் "மனை" என்று மட்டும் இருக்கிறதா, "மனையும் கட்டடமும்" என்று இருக்கிறதா? வாங்கிய வருஷம் என்ன? மாநகராட்சி வரி ரசீதுகளில் ஆகப் பழையது எது? திண்ணைத் தூணும் முற்றத்துத் தூணும் ஒரே கைவேலையா என்றும் பாருங்கள். 1921க்கு முன்பே அங்கே கட்டடம் இருந்தது என்று பத்திரம் சொன்னால் எனக்கு எழுதுங்கள், நானே ஓடி வருகிறேன்.

அது இல்லாவிட்டாலும் உங்கள் மனுவுக்குப் பலம் இருக்கிறது. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீட்டை அரசு வாங்கி நினைவு இல்லமாக்கியது மனிதருக்காக. உங்கள் வீட்டுக்குக் காரணம் வேறு. கோயிலைச் சுற்றிய தெருக்களில் திண்ணையிலிருந்து கொல்லை வரை உடையாமல் இருக்கும் வீடுகள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிட்டன. அதுவே காரணம். அளவு எடுத்த வரைபடம், ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கப் படம், கதவு நிலை, கைப்பிடிச் சுவர், தரை எல்லாம் சேர்த்து ஒரு கோப்பாகக் கொடுங்கள். கட்டடக் கலைக் கல்லூரி மாணவர்கள் இதைப் பாடத்தின் பகுதியாகவே ஆசையாகச் செய்து தருவார்கள். காபி மட்டும் நன்றாகப் போட்டுக் கொடுங்கள்.

இப்போது கசப்பான பகுதி. மூன்று பேருக்கும் உரிமையுள்ள சொத்தில் ஒருவர் மட்டும் மனு போட்டு, மற்றவர் எதிர்த்தால், கோப்பு மேஜையில் உட்கார்ந்துவிடும். உங்கள் அப்பா எழுதிய "ஒருபோதும் விற்கக் கூடாது" என்ற வரியையும் நம்பாதீர்கள். முழு உரிமையாகக் கொடுத்துவிட்டு விற்கவே கூடாது என்று போடுகிற நிபந்தனை செல்லாது என்று 1882ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 10வது பிரிவு சொல்கிறது. அப்பாவின் மனசு அதில் இருக்கிறது, சட்டம் இல்லை.

அப்புறம், 1893ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிரிக்க வசதிப்படாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கு போடச் சொல்லி, பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர்கள் கேட்டால் நீதிமன்றம் அப்படியே உத்தரவிடலாம். தம்பி தனியாகக் கேட்டால் அவர் கையில் இருப்பது மூன்றில் ஒன்றுதான். தங்கையும் அவர் பக்கம் சாய்ந்தால் மூன்றில் இரண்டு. அதனால் இப்போதைக்கு இந்த வீட்டைத் தாங்கி நிற்கும் முக்கியமான தூண் நியூஜெர்சியில் இருக்கிறது. தங்கை லேண்ட்மார்க் பற்றிப் பேசுகிற மனநிலையில் இருக்கும்போதே அவர் பாகத்தைப் பற்றித் தெளிவாகப் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். தன் பாகத்தை விட்டுக்கொடுத்து அவர் உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க முன்வந்தால் குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைக் கட்டணமும் குறைவு. ஒருவேளை விற்பனை என்று வழக்கே வந்தாலும், விற்கக் கேட்டவரின் பங்கை மதிப்பீட்டு விலைக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கும் உரிமை அதே சட்டத்தின் 3வது பிரிவில் உங்களுக்கு உண்டு. இன்னொன்று: ஜாயின்ட் வென்ச்சருக்கும் இடிப்பு அனுமதிக்கும் திட்ட அனுமதிக்கும் மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். "சும்மா ஒரு பவர் மட்டும் போட்டுக் கொடுங்க மேடம்" என்று யார் வந்து கேட்டாலும் பேனாவை உள்ளே வைத்துவிடுங்கள்.

சரி, தம்பி ஏன் இப்படிச் சொல்கிறார்? அவரை வில்லனாக்கிப் பேசினால் இந்த வீடு நிற்காது. கணக்கைப் பார்ப்போம். 30க்கு 120 என்றால் 3,600 சதுர அடி, ஒன்றரை கிரவுண்டு. உயரமில்லாத கட்டடங்களுக்கு இப்போது தளப் பரப்புக் குறியீடு 2. அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு, காகிதத்தில் 7,200 சதுர அடி கட்டலாம். நீங்கள் சொல்லும் வீடு, மாடி அறையையும் சேர்த்து 2,800 சதுர அடி இருந்தால் அதிகம். மீதி 4,400 சதுர அடி ஆகாயத்தில் மிதக்கிறது. பில்டர் வருவது திண்ணைக்காக இல்லை, அந்த 4,400க்காக. தம்பிக்கு அதில் மூன்றில் ஒன்று தன் கைக்கு வராமல் கிடக்கிறது என்ற வருத்தம். நியாயமான வருத்தம்தான். நியூயார்க்கில் இதை வேறு மனைக்கு மாற்றி விற்க விட்டார்கள் என்றேனே, நம் ஊரிலும் வளர்ச்சி உரிமை மாற்றம் என்ற பெயரில் அது இருக்கிறது. நகர வளர்ச்சிக்காக சி.எம்.டி.ஏ. போட்ட இரண்டாம் முழுமைத் திட்டத்திலேயே மரபுக் கட்டடங்களுக்கும் இடம் வைத்தார்கள். ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் சாலை அகலப்படுத்த நிலம் விட்டவர்களுக்குத்தான். பழைய வீட்டுக்காரர் ஒருவர் இதை விற்றுப் பணம் எண்ணியதை என் தொழிலில் நான் இதுவரை பார்க்கவில்லை. அதை நம்பித் தம்பிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

எனக்குத் தோன்றுகிற வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பின்சந்து.

120 அடி நீளத்தில் திண்ணை, ரேழி, முற்றம், அதைச் சுற்றிய அறைகள் எல்லாம் பெரும்பாலும் முன் 70, 75 அடிக்குள் முடிந்திருக்கும். அதற்குப் பின்னால் சமையலறை, கிணறு, கொட்டகை. வீட்டின் அழகும் சரித்திரமும் முன்பகுதியில், கட்டக்கூடிய இடம் பின்பகுதியில். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத உயரத்தில், பின்னால் ஒரு சின்னக் கட்டடம் கட்டி அதைத் தம்பிக்கும், வேண்டுமானால் தங்கைக்கும் கொடுத்து, முன்பகுதியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். இது நடக்குமா என்பதை முடிவு செய்வது சந்தின் அகலம். அனுமதி கிடைக்கிற வீடுகளின் எண்ணிக்கை, உயரம் எல்லாம் வழியின் அகலத்தைப் பொறுத்தது. திருவல்லிக்கேணியின் பழைய தெருக்கள் தொடர்கட்டடப் பகுதி, அதாவது வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டிய பகுதி, என்ற வகையில் வருவதால் பக்க இடைவெளி விதி கொஞ்சம் தாராளம். அது உங்களுக்குச் சாதகம். கிணற்றை மட்டும் மூடிவிடாதீர்கள், மழைநீர் சேமிப்புக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இப்படிப் பிரித்துக்கொள்வதில் சட்டத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. "விற்காதே" என்ற நிபந்தனை செல்லாது. ஆனால் பக்கத்து மனையின் அனுபவ நன்மைக்காக, "இந்த உயரத்துக்கு மேல் கட்டாதே, இந்த முற்றத்தை மூடாதே, பின்மனைக்கு வெளிச்சமும் காற்றும் வரட்டும்" என்று போடுகிற கட்டுப்பாடு வேறு ரகம். அது பாகப் பத்திரத்தில் ஒழுங்காக எழுதிப் பதிவானால், பின்னால் வாங்குபவர்களையும் அது கட்டுப்படுத்த வாய்ப்பு இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம் 11, 40 பிரிவுகளை வைத்து இதை எப்படி எழுதலாம் என்று ஒரு சிவில் வக்கீலிடம் கேளுங்கள். தங்கை கேட்ட லேண்ட்மார்க் ஸோனிங்குக்கு, நம் ஊரில் குடும்பமே எழுதிக்கொள்ளக்கூடிய நெருங்கிய மாற்று இதுதான். மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவோடு போனால் சி.எம்.டி.ஏ.விலும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாரிப்பில் இருப்பதால், தெருவில் மிச்சமிருக்கும் நான்கைந்து பழைய வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, கோயில் தெருக்களை ஒரு மரபுப் பகுதியாகப் பாருங்கள் என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். தபால் செலவுதானே.

இனி ரேழி.

சில வருஷம் முன்பு ஜார்ஜ் டவுனில் ஒரு வீடு. அண்ணன் தம்பி வழக்கு. இடிக்க நினைத்தவர் தோற்றார், காக்க நினைத்தவர் தடை உத்தரவு வாங்கிவிட்டார். வழக்கு முடியும்வரை யாரும் உள்ளே போகவில்லை, வீடு பூட்டியே கிடந்தது. நான் பார்க்கப் போனபோது கூடத்தின் நடுவில் கூரை தரையில் கிடந்தது, அதன் நடுவில் ஓர் அரசங்கன்று இடுப்புயரம் வளர்ந்திருந்தது. தடை உத்தரவு மனிதனைத்தான் தடுத்தது. அண்ணா சாலையில் பாரத் கட்டடமும் 2010ல் ஜெயித்த பிறகு ஆண்டுக்கணக்காகப் பழுது பார்ப்பாரின்றித்தான் நின்றது.

உங்கள் கூரை மெட்ராஸ் டெரஸாக இருக்கும். தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக, விளிம்பில் நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. இந்தக் கூரை நூறு வருஷம் தாங்கும், ஒரு நிபந்தனையோடு: உத்தரத்தின் நுனி ஈரமாகக் கூடாது. மரம் நடுவில் கெடாது. சுவருக்குள் செருகிய இடத்தில்தான் மக்கும். ஒரு நாள் ஏணி போட்டு, சுவரை ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு உத்தரத்திலும் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி மட்டும் இறங்கினால் பயமில்லை. கால் அங்குலத்துக்கு மேல் மெத்தென்று உள்ளே போனால் அந்த உத்தரத்துக்கு அன்றே ஒரு முட்டுக் கொடுங்கள். மாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தண்ணீர் வெளியேறும் துவாரம், இரண்டையும் பாருங்கள். முக்கால்வாசி ஒழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். அங்கே அரசோ ஆலோ முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு செங்கல்லும் வரும். தண்டை அறுத்துவிட்டு வேருக்கு மருந்து வைக்கத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள்.

மேஸ்திரி வந்து "மேலே ஒரு கோட்டு சிமெண்ட் போட்டுட்டா சரியாயிடும்மா" என்பார். விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடுகிற சுவர். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு வருஷத்தில் உப்புப் பூத்து, பூச்சு வயிறு உப்பிக்கொண்டு விழும், உத்தரமும் கூடவே மக்கும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். கூலி அதிகம், வேலை மெதுவு. ஆனால் உங்களுக்கு இப்போது முழுக் கூரையும் வேண்டாம், அந்த மூலையும் துவாரமும் போதும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அதை மட்டும் முடித்துவிடுங்கள். செலவைத் தம்பியிடமும் சொல்லுங்கள், பணம் கேட்பதற்காக இல்லை. அவர் பாகமும் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். பில்டர் பேச்சை எடுக்க வேண்டாம். சாப்பிட்டதும் கொல்லைக் கதவைத் திறந்து சந்தை அளக்க வேண்டும் என்று சொல்லி, டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுங்கள். தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று இடத்தில் அளந்து, எத்தனை அடி என்று எனக்கு எழுதுங்கள்.